குவாங்சோவில் முதல் மாதம்: போலீஸ் பதிவு, சிம், பேங்க், வீடு... எது முதலில்?

பின்னலாடை (கேள்வி)

அடுத்த மாசம் நடுவுல குவாங்சோவுக்கு வேலைக்கு வர்றேன். ஆபீஸ் ஹைஜு மாவட்டத்துல, துணிச் சந்தைக்குப் பக்கம். இசட் விசா, அதாவது வேலை விசா, கைக்கு வந்தாச்சு. மனைவி ரெண்டு மாசம் கழிச்சு எஸ்1ங்கிற குடும்ப விசாவுல வருவாங்க. முதல் பத்து நாள் ஓட்டல் கம்பெனி பொறுப்பு. அதுக்கப்புறம் வீடு, பேங்க் எல்லாம் நானே பார்த்துக்கணும்.

கேட்க வேண்டியது மூணு. போலீஸ் பதிவு, சிம், பேங்க் கணக்கு, வீசாட் பணம், ரெசிடென்ஸ் பெர்மிட் (தங்கும் அனுமதி), இதுல எது முதல்ல? என் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி, என் பேரும் அப்பா பேரும் சேர்ந்து கிவன் நேம் கட்டத்துலயே இருக்கு. இதனால பேங்க்ல இழுத்தடிப்பாங்கன்னு சொல்றாங்க, உண்மையா? அப்புறம் சமையல் சாமான். மிக்ஸி, குக்கர், பருப்பு இதெல்லாம் தூக்கிட்டு வரணுமா?

முத்தாறு

முதலில் சிம், அடுத்து ரெசிடென்ஸ் பெர்மிட், அதற்கப்புறம் பேங்க், கடைசியில் உள்ளூர் கார்டை அலிபே, வீசாட் எனும் பணம் கட்டும் ஆப்களில் இணைப்பது. இதை மாற்றினால் எங்கேயாவது முட்டிக்கொண்டு நிற்பீர்கள். ஏனென்றால் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்ததும் பாஸ்போர்ட்டை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கையில் ஒரு ரசீது மட்டும் இருக்கும். சட்டப்படி 15 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். அந்த நாட்களில் ரசீதைக் காட்டி சிம் வாங்குவதும் கணக்குத் திறப்பதும் நடக்கிற காரியமில்லை. ஆகவே இறங்கின மறுநாளே சிம்.

தேதிக் கணக்கு இது. ஒர்க் பெர்மிட் விண்ணப்பம் நாட்டுக்குள் நுழைந்து 15 நாளுக்குள், ரெசிடென்ஸ் பெர்மிட் விண்ணப்பம் 30 நாளுக்குள். இரண்டுக்கும் முன்னால் மருத்துவப் பரிசோதனை. அதற்கென்று உள்ள மையத்துக்கு வெறும் வயிற்றில் போகவேண்டும், ரிப்போர்ட் வர சில நாள் ஆகும். கம்பெனிக்காரர்கள் 'அடுத்த வாரம் போகலாம்' என்று ஆறப்போடுவது இந்த இடத்தில்தான். வந்த இரண்டாம் மூன்றாம் நாளிலேயே முடித்துவிடச் சொல்லி வற்புறுத்துங்கள்.

போலீஸ் பதிவு தனிக் கதை. ஓட்டலில் தங்கும்வரை ஓட்டலே பதிந்துவிடும். வாடகை வீட்டுக்கு மாறியதும் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதி காவல் நிலையத்தில், அதாவது 'பாய்சூசுவோ'வில், நீங்களே பதிய வேண்டும். தவறினால் எச்சரிக்கையோடு விடலாம், 2,000 யுவான் வரை அபராதமும் போடலாம். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், வீட்டுப் பத்திர நகல் வேண்டும். சில பகுதிகளில் க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணி போனிலேயே பதியலாம். கொடுக்கும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், பெர்மிட் விண்ணப்பத்துக்கு அதுவும் தேவை. பெர்மிட் கிடைத்ததும், பாஸ்போர்ட் மாறினால், வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பினால் பதியணுமா என்பது நிலையத்துக்கு நிலையம் மாறுகிறது. முதல் தடவை போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிம் வாங்கத் தெருமுனைப் பெட்டிக்கடை வேண்டாம். சைனா மொபைல், யூனிகாம், டெலிகாம் மூன்றில் ஒன்றின் சொந்தக் கிளைக்குப் போங்கள். பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து முகத்தையும் படம் எடுப்பார்கள். எண் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். ஆபீஸ்காரர் பெயரில் இருக்கும் சிம்மை வைத்துக்கொண்டு பேங்க் கணக்கு திறக்க முடியாது.

இப்போது பெயர். சர்நேம் காலியாக இருப்பது பிரச்சினையே இல்லை. ஒரு இடத்தில் ஒட்டியும் இன்னொரு இடத்தில் இடம் விட்டும், ஒன்றில் அப்பா பெயர் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் எழுதப்படுவதுதான் வினை. சிம், பேங்க், அலிபே, ரயில் டிக்கெட் ஆப் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். நடுவில் ஒரு இடைவெளி கூடினாலும் 'தகவல் பொருந்தவில்லை' என்று வரும், எது பொருந்தவில்லை என்று சொல்லாது.

அதனால் விசா ஒட்டியில் உங்கள் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு கவுன்ட்டரிலும் அதையே நீட்டுங்கள். பேங்கில் எழுத்தர் அடித்து முடித்ததும் உறுதி செய்யும் முன் திரையைக் காட்டச் சொல்லுங்கள். கணக்குத் திறந்த படிவத்தின் அச்சை வாங்கி அதில் இடைவெளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலிபேயில் பெயர் போடும்போது பாஸ்போர்ட்டைப் பார்க்காதீர்கள், அந்தப் படிவத்தைப் பார்த்து அடியுங்கள். பொருந்தாமல் போனால் அலிபேக்காரரிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை, பேங்க் கவுன்ட்டரில்தான் திருத்த வேண்டும்.

பேங்குக்குப் பெர்மிட் ஒட்டிய பாஸ்போர்ட், சிம், வேலை ஒப்பந்தம், உங்கள் பான் எண் கொண்டு போங்கள். வேறு நாட்டில் வரி கட்டுபவரா என்று ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள், பான் அதற்குத்தான். ஏடிஎம் ரகசிய எண் இங்கே 6 இலக்கம். பெர்மிட் காலாவதியாகும் நாளில் கார்டும் முடங்கும். புதுப்பித்ததும் கிளைக்குப் போய்ப் புதிய தேதியை ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட் புதிதாகும்போது இந்தப் பாடு மொத்தமும் மறுபடி வரும்: சிம், பேங்க், அலிபே, வீசாட், ரயில் ஆப் என்று ஒவ்வொன்றிலும் எண் மாற்றணும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டையும் கொண்டுவா என்பார்கள்.

வரவுசெலவு

முத்தாறு சொன்ன வரிசையில ஒரு ஓட்டை இருக்கு. பெர்மிட் கைக்கு வர ஒரு மாசம் ஆயிடும், அதுவரைக்கும் பணத்துக்கு என்ன வழி?

ஊர்லயே வீசாட், அலிபே ரெண்டையும் போட்டுடுங்க. புது வீசாட் கணக்குக்கு ஏற்கெனவே வீசாட் வெச்சிருக்கிற ஒருத்தர் ஸ்கேன் பண்ணிச் சாட்சி சொல்லணும். ஏர்போர்ட்ல ஆள் தேடாதீங்க. இந்திய பேங்கோட விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டை இணைக்கலாம், ரூபே இங்கே வேகாது. பேங்க் ஆப்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் பண்ணிட்டு வாங்க. ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும், அதனால அந்த சிம்முக்கு ரோமிங் போட்டுட்டு ஏறுங்க. ரோமிங்ல இன்னொரு லாபம், அதோட டேட்டா இந்தியா வழியாப் போறதால வாட்ஸ்அப், கூகுள் திறக்கும். சீன சிம்ல அது திறக்காது.

வெளிநாட்டுக் கார்டுல 200 யுவானுக்குக் கீழ கட்டணம் கிடையாது. 200ஐத் தாண்டினா 3 சதவீதம் பிடிப்பாங்க. கடையில, மெட்ரோவுல, டாக்ஸியில எல்லாம் செல்லும். ஆனா தனி ஆளுக்குப் பணம் அனுப்ப முடியாது. புதுசா வர்றவங்க மாட்டிக்கிறது இங்கதான்: வீட்டு அட்வான்ஸ் வீட்டுக்காரரோட சொந்தக் கணக்குக்குத்தானே போகணும்? கம்பெனியை நேரா அனுப்பச் சொல்லிச் சம்பளத்துல கழிச்சுக்கலாம், இல்லைன்னா டாலர் நோட்டா கொண்டுவந்து பேங்க்ல மாத்திக்கணும். 5,000 டாலருக்கு மேல கையில இருந்தா சுங்கத்துல அறிவிக்கணும்.

ஊருக்குப் பணம் அனுப்புறது. வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வரி கட்டின சான்று மூணும் இருந்தா வரி போக மிச்சச் சம்பளத்தை பேங்க்லயே டாலரா மாத்தி அனுப்பலாம். வரிச் சான்றை அரசாங்கத்தோட தனிநபர் வருமான வரி ஆப்ல இறக்கிக்கலாம். அந்த ஆப்லயும் பேர் அதே மாதிரி இருக்கணும், மறக்காதீங்க. ஏற்கெனவே அனுப்பின தொகையைச் சான்றுல கழிச்சுக்கிட்டே வருவாங்க, அதனால மாசா மாசம் போறதைவிட மூணு மாசத்துக்கு ஒருக்கா போனா அலைச்சல் குறைவு. சான்று எதுவும் இல்லாம மாத்தணும்னா ஒரு நாளைக்கு 500 டாலர் மதிப்புதான்.

உண்டியல், அதாவது பேங்க் வழியா இல்லாத கள்ளப் பணமாற்று, அது பக்கம் தலை வைக்கவே வேண்டாம். 'நீங்க யுவான் குடுங்க, ஊர்ல ரூபா ஏறிடும்', இல்லைன்னா 'என் யுவானை உங்க கணக்குல வாங்கிக்கங்க' அப்படீன்னு துணி யாவாரத்துல நாளைக்கு நாலு பேர் கேப்பாங்க. உங்க கணக்குக்கு வர்ற அந்தப் பணம் எங்கேயோ ஒரு மோசடி வழக்குல சிக்கின பணமா இருந்தா, வேற மாகாணத்துப் போலீஸ் உங்க கணக்கை முடக்கும். தீர்க்கிறதுக்கு அந்த ஊர் போலீஸ்கிட்டதான் பேசியாகணும். சம்பளமும் அதே கணக்குல மாட்டிக்கும்.

ஈரச்சுவர்

வீடு பற்றி. குவாங்சோவில் வழக்கமாக 'யா அர் ஃபூ யி', இரண்டு மாத அட்வான்ஸ், ஒரு மாத வாடகை. தரகருக்கு அரை மாதம் போகும். 4,000 யுவான் வாடகை என்றால் சாவி வாங்கும் நாளில் 14,000 எடுத்து வைக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியும் முன் காலி செய்தால் அட்வான்ஸ் போய்விடும். உங்கள் கம்பெனி ஆளை மாற்றும் பழக்கமுள்ளதென்றால் 'ஒரு மாத முன்னறிவிப்பில் ஒரு மாத அட்வான்ஸ் மட்டும் கழிக்கலாம்' என்று ஒரு வரி எழுதி வாங்கப் பாருங்கள்.

வீட்டைப் பார்க்குமுன் தரகரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: வெளிநாட்டவருக்குப் போலீஸ் பதிவுக்கு வீட்டுக்காரர் பத்திர நகல் தருவாரா? வாடகைக்கு விட்டது அரசாங்கத்துக்குத் தெரிந்தால் வரி வருமே என்று சில வீட்டுக்காரர்கள் நழுவுவார்கள். பணம் கொடுத்த பிறகு நழுவினால் உங்களுக்கு 24 மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அதேபோல் கம்பெனி வாடகையைத் திருப்பித் தரும் என்றால் 'ஃபாபியாவ்' எனும் வரி ரசீது கேட்கும். அதற்கான வரி யார் தலையில் என்பதையும் முன்னாலேயே பேசி முடியுங்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு கேட்டால் வாடகை ஏறும்.

சாவி வாங்கும்போது மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்று மீட்டரையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வீசாட்டில் அனுப்பிவிடுங்கள். மூன்றுக்கும் உள்ள கணக்கு எண்ணை வாங்கிக்கொண்டால் அலிபேயில் நீங்களே கட்டலாம். குடியிருப்புப் பராமரிப்புக் கட்டணம் யாருடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அடுப்பு பற்றவில்லை என்றால் கேஸ் போய்விட்டது என்று பதறாதீர்கள். பெரும்பாலும் அடுப்புக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரி தீர்ந்திருக்கும்.

ஏசியின் ரிமோட்டை வாங்கிச் சூடான காற்று வருகிறதா என்று போட்டுப் பாருங்கள். குவாங்சோ இருக்கும் குவாங்தோங் மாகாணத்தில் குளிர்விக்க மட்டும் தெரிந்த ஏசி நிறைய. ஜனவரியில் வெளியே 10 டிகிரி, உள்ளேயும் ஏறக்குறைய அதே 10 டிகிரி. வடக்கே இருப்பதுபோல் கட்டடத்துக்கே வெப்பம் கொடுக்கும் ஏற்பாடு இங்கே கிடையாது.

அடுத்தது 'ஹுய்நான்தியன்', பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை விட்டு விட்டு வரும் ஈரக் காலம். குளிரில் ஊறிய சுவர்மேல் தெற்கிலிருந்து வெப்பமான ஈரக்காற்று படும்போது குளிர்ந்த சொம்புக்கு வியர்ப்பதுபோல் சுவரும் தரையும் வியர்க்கும். காற்றோட்டம் வேண்டும் என்று ஜன்னலைத் திறப்பது நம் கை வழக்கம். இங்கே அதுதான் கெடுதல். ஜன்னலை, முக்கியமாகத் தெற்குப் பக்கத்து ஜன்னலை, இறுகச் சாத்திவிட்டு ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைப் போடுங்கள். ஏசியில் துளிப் படம் போட்ட ஈரநீக்க நிலையும் உதவும். பட்டுப் புடவை, தோல் செருப்பு, சான்றிதழ்கள் மூன்றும் பூசணம் பிடிக்கும். மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஈர உறிஞ்சி பைகளோடு வையுங்கள். முதல் இரண்டு மாடிகளில் இந்தத் தொல்லை அதிகம், வாடகை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம். 18.9 லிட்டர் கேன் வீட்டு வாசலுக்கே வரும், காலி கேனுக்கு முன்பணம் உண்டு.

பின்னலாடை

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மனைவிக்கு விசா ஸ்டாம்ப் ஆயிடுச்சு. கல்யாணச் சான்றிதழ் நகல் மட்டும்தான் அப்போ கேட்டாங்க. அங்கே பெர்மிட்டுக்கு மூலச் சான்றிதழ் கேப்பாங்களா? சீனாவும் அப்போஸ்டில் (ஒரே முத்திரையில வெளிநாட்டுல செல்லுற சான்றொப்பம்) ஒப்பந்தத்துல சேர்ந்துட்டதால டெல்லி அப்போஸ்டில் ஒண்ணு போதும்னு ஒரு ஏஜென்ட் சொல்றார்.

முத்தாறு

ஏஜென்ட் பாதிதான் படித்திருக்கிறார். அப்போஸ்டில் ஒப்பந்தம் சீனாவில் 2023 நவம்பர் 7 முதல் நடப்பில் இருக்கிறது, ஆனால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையில் அது பொருந்தாது. இந்தியச் சான்றிதழ் என்றால் இன்றும் பழைய பாதைதான்: மாநில அளவில் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பம், அதன்மேல் சீனத் தூதரகச் சான்றொப்பம். அப்போஸ்டில் ஒட்டின தாளை இங்கே கவுன்ட்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதைச் சரிசெய்ய தாளை மறுபடி இந்தியாவுக்கே அனுப்ப வேண்டியிருக்கும், எஸ்1க்கும் அதே 30 நாள் கெடு ஓடும். அவர் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். சான்றிதழில் இரண்டு பேரின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். 'கே. முருகன்' போல இனிஷியலோடு இருந்தால் இருவரும் ஒருவரே என்று தனியாகச் சான்று கேட்பார்கள். சான்றிதழின் சீன மொழிபெயர்ப்பை இங்கே முத்திரை உள்ள மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் செய்துகொள்ளலாம்.

எஸ்1 பெர்மிட்டில் வேலை செய்யக் கூடாது. ஆங்கில டியூஷன்கூட.

சாம்பார்_தூது

சமையலுக்கு வர்றேன். மின்சாரம் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதனால நம்ம மிக்ஸி ஓடும். பிளக்தான் ஒட்டாது. இங்கே சாய்ஞ்ச தட்டைக் கம்பி மூணு. அடாப்டர்ல மிக்ஸியைப் போட்டா அரைக்கிற ஆட்டத்துல சூடேறி உருகும். ஹார்டுவேர் கடையில 10 ஆம்ப் மூணு கம்பி பிளக் வாங்கி வயரை மாத்திடுங்க, எர்த் வயரை விட்டுடாதீங்க. குக்கர் கொண்டு வர்றதா இருந்தா அடிப்பாகம் ஸ்டீலா பாருங்க. பல வாடகை வீட்டுல இண்டக்‌ஷன் அடுப்புதான், அலுமினியம் குக்கர் அதுல சூடே ஆகாது. கேஸ்கெட், சேஃப்டி வால்வு ரெண்டு செட் கொண்டு வாங்க, அந்த அளவு இங்கே தேடினா கிடைக்காது.

பருப்பு மசாலா எல்லாம் தாவ்பாவ்ங்கிற ஆன்லைன் கடை ஆப்ல கிடைக்குது, பேர் தெரியணும் அவ்வளவுதான். துவரம்பருப்பு 'மூ தோவ்'. உளுந்து 'ஹெய் ஜி தோவ்'. வெறும் 'ஹெய் தோவ்'னு போட்டுராதீங்க, அது கறுப்பு சோயா, எத்தனை மணி நேரம் ஊறினாலும் மாவு பொங்காது. பாசிப்பருப்பு தோல் நீக்கினதே எந்த மளிகைக்கடையிலும் இருக்கும். சீரகம் 'ட்ஸ்ரான்', கறி சுடுற கடைக்காரங்க தூவுறது அதைத்தான். 'ஷியாவ் ஹுய்ஷியாங்'னா சோம்பு. மொழிபெயர்ப்பு ஆப் ரெண்டையும் அடிக்கடி குழப்பும், ரசம் சோம்பு மணக்கும்! புளி 'சுவான் ஜியாவ்', கறிவேப்பிலை 'காலி யே', பெருங்காயம் 'ஆ வெய்' ஆனா அதை மருந்தா விக்கிறாங்க, ஒரு டப்பா ஊர்லேர்ந்தே போட்டுக்கங்க. தேங்காய்ப்பால் வாங்கும்போது 'யே ஜியாங்' தான் சமையலுக்கு, 'யே ஜி' சர்க்கரை போட்ட பானம். தயிரும் அப்படித்தான், பாதிக்கு மேல இனிப்பு. சர்க்கரை சேர்க்காததுன்னு பார்த்து ஒண்ணு வாங்கி அதை உறையா வெச்சுப் பால் தோய்ச்சிடுங்க.

அரிசியில வடக்கத்தி குட்டை அரிசி பிசுபிசுன்னு ஒட்டும். குவாங்தோங் பக்கத்து நீள அரிசி இட்லிக்கும் சாதத்துக்கும் ஒத்து வரும்.

சுங்கத்துல பிடிக்கிறவை: பச்சைக் கறிவேப்பிலை, காய், பழம், விதைக்குன்னு வெச்ச விதை, இறைச்சி, முட்டை. பொடி, ஊறுகாய் பிரச்சினை இல்லை. கசகசா மட்டும் ஒரு கிராம்கூட வேண்டாம். இங்கே அதைப் போதைப்பொருள் செடியோட விதையாத்தான் பார்ப்பாங்க. கடையில வாங்கின குருமா பொடியில கசகசா இருக்கான்னு அட்டையைப் படிச்சிட்டுக் கட்டுங்க.

பின்னலாடை

கசகசா விஷயம் சத்தியமா தெரியாது, குருமா பொடியை வெளியே எடுத்து வெச்சாச்சு. கடைசியா ஒண்ணு. உடம்புக்கு முடியலைன்னா? அக்டோபர் 12 வாக்குல வந்து இறங்குவேன், அதுல ஏதாவது பார்க்கணுமா?

ஈரச்சுவர்

தேதிதான் முதலில் இடிக்கிறது. கான்டன் கண்காட்சி எனும் பெரிய வர்த்தகக் கண்காட்சி அக்டோபர் 15 தொடங்கி நவம்பர் 4 வரை, மூன்று கட்டமாக நடக்கும். நடக்கும் இடம் பஜோவ், அதுவும் உங்கள் ஹைஜு மாவட்டமே. அந்த வாரங்களில் சுற்றுவட்டாரத்தில் ஓட்டல் விலை எகிறிவிடும். உங்கள் பத்து நாள் 22ஆம் தேதி முடியும்போது இரண்டாம் கட்டம் நெருங்கியிருக்கும், நாலு நாள் நீட்டிக்கக்கூட அறை கிடைப்பது கஷ்டம். கம்பெனியிடம் இப்போதே மாத இறுதி வரை போடச் சொல்லுங்கள், அல்லது தெற்கே பான்யூ மாவட்டத்துப் பக்கம் தள்ளி எடுத்து மெட்ரோவில் வரட்டும் என்று கேளுங்கள்.

மருத்துவம்: பெரிய அரசு மருத்துவமனை 'சான்ஜியா' எனும் உச்ச தரத்தில் இருக்கும். முதலில் 'குவாஹாவ்', அதாவது எந்தப் பிரிவு, எந்த மருத்துவர் என்று வீசாட்டில் டோக்கன் போட வேண்டும், பாஸ்போர்ட் எண்ணில். பிறகு ஒவ்வொரு படிக்கும் முன்பணம்: ரத்தப் பரிசோதனைக்குக் கட்டி, எடுத்து, ரிப்போர்ட்டோடு அதே மருத்துவரிடம் அன்றே திரும்பிப் போய், மருந்துக்கு மறுபடி கட்ட வேண்டும். காலை 8 மணிக்குப் போனால் ஒரே நாளில் முடியும். மதியம் போனால் ரிப்போர்ட் வருவதற்குள் மருத்துவர் கிளம்பிவிடுவார். சர்வதேசப் பிரிவில் ஆங்கிலம் இருக்கும், கட்டணம் பல மடங்கு, கம்பெனி காப்பீடு அதை ஏற்கிறதா என்று வருவதற்கு முன் கேளுங்கள். ஆம்புலன்ஸ் 120, அதற்கும் காசு உண்டு. போலீஸ் 110, தீயணைப்பு 119. வீட்டு முகவரியைச் சீன எழுத்தில் போனில் சேமித்து, ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னாலும் ஒட்டி வையுங்கள். ஆங்கிலத்தில் சொன்னால் வண்டிக்காரருக்கு வழி தெரியாது.